விட்ட சுமை எங்கே போகிறது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய வடகிழக்கு மூலையில், சுமார் 11 லட்சம் ஏக்கருக்குக் காடும் நீருமாகப் பரந்து கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அங்கே உண்டு. பெரும்பாலானவற்றில் மோட்டார் படகுக்கு அனுமதி கிடையாது. உள்ளே கடை கண்ணி எதுவும் இல்லை. துடுப்பு வலித்துச் செல்லும் கனூ என்ற ஒல்லிப் படகில்தான் பயணம். ஓர் ஏரி முடிந்ததும் படகைக் கரையேற்றி, தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் தாங்கி, மூட்டை முடிச்சுகளோடு காட்டுத் தடத்தில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அந்தத் தடத்துக்கும் அந்த வேலைக்கும் போர்ட்டேஜ் என்று பெயர். ஒரு வாரப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் வரைபடத்தில் முதலில் தேடுவது போர்ட்டேஜ்களின் நீளத்தைத்தான். அது ராட் என்ற பழைய அளவில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு படகின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். நீளங்களைக் கூட்டிப் பார்த்த பிறகு அவர் சாமான் பட்டியல் போட உட்காருகிறார். சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி அந்தப் பட்டியலில் வந்து நிற்கிறது: மனிதருக்கு எவ்வளவு போதும்?

போர்ட்டேஜ் இதற்குத் தரும் பதில் எளிய கணக்கு. எல்லாச் சாமான்களையும் ஒரே நடையில் கொண்டுபோக முடிந்தால் ஒரு மைல் தடத்துக்கு ஒரு மைல் நடந்தால் போதும். இரண்டு சுமை ஆகிவிட்டால், ஒன்றை அக்கரையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்து மற்றதை எடுக்க வேண்டும்; மூன்று மைல். மூன்று சுமை என்றால் ஐந்து மைல். ஒரு நாளில் மொத்தம் 3 கிலோமீட்டர் போர்ட்டேஜ் வரும் வழியில், ஒற்றைச் சுமைக்காரர் 3 கிலோமீட்டர் நடக்கிறார் என்றால் மூன்று சுமைக்காரர் 15 கிலோமீட்டர் நடக்கிறார். மடக்கு நாற்காலிக்கும் மாற்றுக் காலணிக்கும் விலையைக் கால்கள் கொடுக்கின்றன. பற்று துன்பம் தரும் என்று சமயங்கள் சொல்வதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் அட்டவணை வேறு கிடைப்பது அரிது. அதனால்தான் இந்தப் பயணத்தைச் சிலர் தவமாகவே பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் கனடாவின் பிரதமரான பியர் ட்ரூடோ 1944இல் கத்தோலிக்க மாணவர் இதழ் ஒன்றில் கனூப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே துறவைத்தான் பேசுகிறது. பழகிய வசதிகளை உதறி வாழ்க்கையின் அடிப்படைக்குத் திரும்ப வைப்பதே அந்தப் பயணத்தின் பயன் என்பது அவர் கருத்து. ஹென்றி டேவிட் தோரோ மறைந்த பின் 1864இல் வெளிவந்த ‘மெய்ன் காடுகள்’ நூலின் பின்னிணைப்பில் மரங்கள், செடிகள், பறவைகளின் பட்டியல்களோடு, இத்தகைய பயணத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டிய சாமான்களின் பட்டியலும் இடம்பெற்றிருக்கிறது. ஒரு தத்துவவாதி மூட்டை கட்டுவதையும் தன் விஷயமாகக் கருதியிருக்கிறார்.

இருந்தாலும் ‘எனக்கு எவ்வளவு போதும்’ என்பது பாதிக் கேள்விதான். பட்டியலிலிருந்து ஒரு பொருளை அடித்தால் அதன் எடை அடித்தவரின் முதுகிலிருந்து இறங்குகிறது. உலகத்தைவிட்டே இறங்கிவிட்டதா என்பதைத் தனியே கேட்க வேண்டும். சில சுமைகள் உண்மையாகவே மறைந்துபோகின்றன. பல சுமைகள் இடம் மாறுகின்றன. கூட வருகிறவரின் தோளுக்கோ, காட்டுக்கோ, எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்கோ, கண்ணில் படாத கூலிக்காரருக்கோ போய்ச் சேருகின்றன. துறவைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் விடுகிறவரின் மனத்தைச் சுற்றியே வந்திருக்கிறது. விடப்பட்ட சுமை போன வழியிலும் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தால்தான் நடந்தது துறவா, வெறும் கைமாற்றலா என்று சொல்ல முடியும். போர்ட்டேஜ் தடம் நமக்குக் கற்றுத்தரக்கூடிய பெரிய பாடம் இதுதான். அது எடை குறைப்பைப் பற்றிய பாடத்தைவிடக் கடினமானது.

பட்டியலையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். பழைய அலுமினியக் கனூ 17 அடி நீளத்தில் சுமார் 34 கிலோ இருக்கும். அதே நீளத்துக்குக் கெவ்லார் இழையில் செய்தது 20 கிலோவை ஒட்டி நிற்கும். தோளுக்குப் பெரிய விடுதலைதான். ஆனால் குண்டு துளைக்காத உடுப்புகளுக்குப் பயன்படும் அந்த இழை பெருந்தொழிற்சாலையில் பிறக்கிறது; படகின் விலை சில ஆயிரம் டாலர். அலுமினியப் படகைப் பாறைமேல் உரசி நிறுத்திவிட்டு இறங்கலாம். மெல்லிய கெவ்லார் படகை அப்படிச் செய்தால் அடிப்பகுதி தேய்ந்துபோகும். முழங்கால் அளவு நீரில் இறங்கித்தான் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். குறைந்த எடை பணமாகவும் கவனமாகவும் உருமாறியிருக்கிறது. அடுத்து, கேஸ் ஸ்டவ்வை விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்போது சமையலுக்கான விறகைக் காடு தர வேண்டும். தரையில் விழுந்து காய்ந்த சுள்ளியை மட்டும், அதையும் முகாமிடத்தைவிட்டுத் தள்ளிப்போய்ப் பொறுக்க வேண்டும் என்ற விதி சும்மா வரவில்லை. கூட்டம் வரும் முகாம்களைச் சுற்றித் தரை வழித்தெடுத்ததுபோல் ஆகிவிடுவதால் வந்தது. உணவு டப்பாக்களும் கண்ணாடி பாட்டில்களும் அங்கே தடை செய்யப்பட்டிருக்கின்றன. தடைக்கு முன்பு, வரும்போது நிறைந்திருந்த டப்பாவில் உள்ளதைத் தின்று முடித்ததும் அதை எறிந்துவிட்டு லேசாகத் திரும்பினார்கள். எறிந்ததை வனத்துறை ஊழியர்கள் மூட்டை மூட்டையாகப் பொறுக்கி அதே போர்ட்டேஜ்கள் வழியாகச் சுமந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. பயணிகள் தங்கள் பையை நிஜமாகவே காலி செய்தார்கள். அது யாருடைய பையில் நிரம்பியது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

குழுவுக்குள்ளும் இதுவே நடக்கிறது. அங்கே ஒரு குழுவில் அதிகபட்சம் 9 பேர், 4 படகுகள் என்று வரம்பு உண்டு. ஒவ்வொருவரின் சொந்தப் பையும் தவிர எல்லோருக்கும் பொதுவான சாமான்கள் இருக்கின்றன: கூடாரம், பாத்திரங்கள், உணவுப் பீப்பாய், நீர் வடிகட்டி, முதலுதவிப் பெட்டி, உபரித் துடுப்பு. தன் பையை மட்டும் எடை போட்டு, ‘என்னுடையது எட்டே கிலோ’ என்று பெருமைப்படுகிறவர், பொதுச் சாமான் எவர் முதுகில் போகிறது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். மழைச்சட்டை வேண்டாம் என்று துணிந்தவர் இரண்டாம் நாள் நனைந்து நடுங்கினால், அவருக்கு உலர்ந்த உடை தருவதும், அவருக்காக அடுப்பு மூட்டுவதும், அன்றைய பயணத்தை நிறுத்துவதும் மற்றவர்கள் வேலையாகிறது. காற்று எழும்பிப் பெரிய ஏரியைக் கடக்க முடியாமல் கரையில் முடங்கும் நாள் ஒன்றை நல்ல திட்டம் எப்போதும் எதிர்பார்க்கிறது. அதற்காகத் தலைக்கு முக்கால் கிலோ அளவில் உபரி உணவு சேர்க்கிறது. ‘வருவது வரட்டும்’ என்று அதை எடுக்காதவரின் நம்பிக்கை, அந்த நாள் வந்ததும் அடுத்தவரின் பீப்பாயில் கைவைக்கும். தனியாக நின்று கேட்டால் துணிச்சலாகத் தோன்றும் துறப்பு, குழுவில் வைத்துக் கேட்டால் கடனாகத் தெரிகிறது.

இந்தக் கடன் வரலாற்றில் எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதையும் அதே நிலப்பகுதி சொல்கிறது. சுப்பீரியர் ஏரிக் கரையில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜ், பிஜன் ஆற்றின் அருவிகளைச் சுற்றிச் செல்லும் எட்டரை மைல் தடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்த் வெஸ்ட் கம்பெனியின் மென்மயிர் வணிகம் அதன் வழியே நடந்தது. வோயாஜர் எனப்பட்ட ஒப்பந்தக் கூலிப் படகோட்டிகள் ஒரு நடைக்கு 90 பவுண்டு மூட்டைகள் இரண்டைச் சுமந்தார்கள். சுமார் 82 கிலோ. மூட்டையை முதுகில் சாய்த்து, நெற்றியில் கட்டிய தோல் பட்டையால் தாங்கி, ஏறக்குறைய ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். குடலிறக்கமும் நீரில் மூழ்குவதும் பலரின் சாவுக்குக் காரணமாயின என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த மூட்டைகளில் இருந்த பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலில் பெரும்பகுதி ஐரோப்பாவில் தொப்பி செய்யப் போனது. லண்டனில் அந்தத் தொப்பி சில அவுன்ஸ்; அணிந்தவருக்குத் தலையில் இருப்பதே தெரியாது. அந்த லேசை எட்டரை மைலுக்கு வேறொருவர் நெற்றி தாங்கியிருந்தது. இன்று பொழுதுபோக்குக்காக அத்தடங்களில் படகு சுமப்பவருக்குப் போர்ட்டேஜ் விடுதலையைச் சொல்லித்தருகிறது என்றால், வோயாஜருக்கு அது எதைச் சொல்லித்தந்தது என்பதையும் நாம் எடுத்துப் பேச வேண்டும்.

சமய மரபுகள் இதை அறியாதவை அல்ல. இயேசு தம் சீடர்களை அனுப்பும்போது பையோ அப்பமோ பணமோ எடுக்க வேண்டாம் என்று சொன்னதாக மாற்கு நற்செய்தி கூறுகிறது. அடுத்த கட்டளையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: உங்களை ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்குங்கள். சீடரின் வெறும் பை, எங்கோ ஒரு வீட்டின் நிறைந்த பானையை நம்பியிருந்தது. அந்த வரவேற்பு இல்லாமற்போகும் காலம் நெருங்கியபோது, இப்போது பணப்பையும் பையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னதாக லூக்கா எழுதுகிறார். பௌத்தத் துறவிக்கு அனுமதிக்கப்பட்ட உடைமைகள் எட்டு: மூன்று ஆடை, பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. உணவை மறுநாளுக்குச் சேமித்து வைக்கவும் அவருக்குத் தடை. சேமிக்கும் வேலை ஊராருடையது. அதனால்தான் தேரவாத மரபில் துறவிக்கு ஒழுக்க விதிகள் எவ்வளவு உண்டோ, அவ்வளவுக்கு இல்லறத்தாரின் கொடைக்கு மதிப்பும் உண்டு. வள்ளுவர் இதை இன்னும் நேராகவே தொடுகிறார். துறந்தவர்களுக்கு உணவும் பிறவும் கொடுக்க வேண்டுமே என்பதற்காகத்தான் மற்றவர்கள் தவத்தை மறந்து இல்லறத்தில் நின்றுவிட்டார்களோ என்று, தவத்தைப் பாடும் அதிகாரத்திலேயே அவர் கேட்கிறார். தவசியின் பெருமையைச் சொல்லும் இடத்தில், அந்தப் பெருமையைத் தாங்கி நிற்கும் தோளையும் அவர் சுட்டிக்காட்டிவிடுகிறார்.

பவுண்டரி வாட்டர்ஸில் அப்படிப் பிறரைத் தாங்கி நின்ற ஒரு வாழ்க்கை இருந்தது. டோரதி மோல்ட்டர் என்ற செவிலியர் 1934 முதல் 1986இல் இறக்கும்வரை நைஃப் ஏரியின் தீவில் வாழ்ந்தார். அருகிலுள்ள சாலைக்குப் போகச் சுமார் பதினைந்து மைல், ஐந்து போர்ட்டேஜ்கள். முன்பு கடல்விமானங்கள் குளிர்பானமும் கொண்டுவந்தன. அந்தக் காட்டின் மேல் தாழப் பறப்பதைத் தடுத்து 1949இல் ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்ட பிறகு, மூலப்பொருளைப் போர்ட்டேஜ்கள் வழியே சுமந்து கொண்டுவரச் செய்து, ரூட் பியர் என்ற பானத்தைத் தாமே தயாரித்து வருகிறவர்களுக்குக் கொடுத்தார். அடிபட்டு வந்தவர்களுக்கு மருந்தும் போட்டார். எடை குறைக்கிறேன் என்று முதலுதவிப் பெட்டியை விட்டுவந்த எத்தனையோ பேருக்கு அந்தக் குடிசை இருக்கிறது என்ற தைரியம் பையில் இல்லாத பொருளாகப் பயன்பட்டிருக்கும். அவர்கள் லேசாகப் போனதற்கு அவர் கனமாக வாழ்ந்தது ஒரு காரணம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லாச் சுமையும் இப்படி இடம் மாறுவதுதான் என்றால் துறவே ஒரு கண்கட்டு வித்தையாகிவிடாதா? பிறகு எதற்காக எதையும் விட வேண்டும்? எல்லாச் சுமையும் இடம் மாறுவதில்லை என்பதே பதில். வேண்டும் என்ற ஆசையே போய்விட்ட பொருளுக்கு எடை இல்லை. அந்த மடக்கு நாற்காலியை யாரும் சுமக்கப் போவதில்லை, எங்கும் செய்யவும் வேண்டியதில்லை. இடமே தந்துவிடுவதற்கும் எடை இல்லை. ஏரியில் நீர் இருக்கும்போது உலர்ந்த பருப்பும் அரிசியும் எடுப்பவர் வீணாகத் தண்ணீரைச் சுமக்காமல் தப்பிக்கிறார். இவற்றைவிட முக்கியமானது அறிவு. 1857இல் தோரோவை மெய்ன் காடுகளுக்குள் அழைத்துப்போன பெனோப்ஸ்காட் பழங்குடி வழிகாட்டி ஜோ போலிஸ், கோடரி, துப்பாக்கி, ஒரு கம்பளி, புகையிலை, புகைக்குழாய் தவிர ஏறக்குறைய ஒன்றும் கொண்டுவரவில்லை. தம் லேசுக்காக அவர் மற்றவர் முதுகில் ஏறவில்லை. போர்ட்டேஜில் படகைச் சுமந்தவரே அவர்தான். எந்தச் செடியில் தேநீர் காய்ச்சலாம், எந்த மரத்தின் வேரால் படகைத் தைக்கலாம் என்று அவர் அறிந்திருந்தது, தோரோவின் நீண்ட பட்டியலில் பாதியைத் தேவையற்றதாக்கியது. அந்த அறிவும் ஓசியில் வந்ததல்ல, தலைமுறைகள் சேர்த்தது. ஆனால் அது ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையாத சொத்து. ஆக, உண்மையான துறப்புக்கு வழிகள் இருக்கின்றன. ஆசை கரைவதும் அறிவு வளர்வதும் அவற்றில் உறுதியானவை. மற்ற வழிகள் சந்தேகத்துக்குரியவை.

இரண்டாவது மறுப்பு வேதாந்தத்தின் பக்கமிருந்து வரும். பற்று மனத்தில் இருக்கிறது, பொருளில் இல்லை. மிதிலையை ஆண்டபடியே ஜனகர் பற்றற்றவராக இருந்தார். ஆகவே கிலோக் கணக்கு ஆன்மிகத்துக்கு அப்பாற்பட்டது என்று அது சொல்லும். பற்றின் வேர் மனத்தில் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஜனகரின் மனம் தெளிந்ததால் அவர் பல்லக்கின் எடை குறைந்ததா? தூக்கியவர்களுக்கு அது பற்றுள்ள அரசரின் பல்லக்கைப் போலவே கனத்திருக்கும். உள்ளத் துறவு ஒருவரைத் தம் துன்பத்திலிருந்து விடுவிக்கலாம். அவரால் பிறர் தோளில் ஏறிய பாரத்தை அதுவே இறக்கிவிடாது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்; முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக வைத்துக்கொள்வதில்தான் பிழை. போர்ட்டேஜ் தடம் மனநிலையை விசாரிப்பதில்லை; 34 கிலோப் படகு ஞானியின் தோளிலும் 34 கிலோதான்.

மூன்றாவது மறுப்பு உலகியலைச் சேர்ந்தது. கூலி கொடுத்தோம், அவரும் ஒப்புக்கொண்டார். வோயாஜர்கள்கூட ஒப்பந்தம் செய்துகொண்டுதான் வந்தார்கள், துடுப்பு வலிக்கும்போது பாடினார்கள். இதில் குற்றம் எங்கே? குற்றம் இருக்க வேண்டியதில்லை. நியாயமான கூலியும் மனமொத்த சம்மதமும் ஒரு கைமாற்றலை நேர்மையானதாக்கும். அதைத் துறவாக மட்டும் ஆக்காது. சமைக்க ஆள் வைத்துக்கொண்டு, ‘எனக்கு அடுக்களையில் பற்றில்லை’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பற்றின்மைக்காக அவரைப் பாராட்ட வேண்டியதும் இல்லை. கூலி கொடுத்தவர் கடனைத் தீர்த்திருக்கிறார். துறந்தவர் என்ற பெயருக்கு அதற்கு மேலும் ஏதாவது செய்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு வாரம் விடுமுறை எடுத்துப் படகு தள்ளுகிறவர்களின் விளையாட்டை வைத்துத் துறவைப் பேசலாமா என்று கேட்கலாம். அந்தக் காடே ஒரு வகையில் ஏற்பாடு செய்யப்பட்ட வெறுமைதானே? 1964ஆம் ஆண்டு வனச்சட்டம், மனிதன் வந்துபோகிறவனாக மட்டும் இருக்கும் இடம் என்றே வனத்தை வரையறுத்தது. ஆனால் அந்த ஏரிகளும் தடங்களும் ஓஜிப்வே பழங்குடி மக்களுடையவை. 1854இல் லா பாயிண்ட் ஒப்பந்தத்தில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்து, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையை வைத்துக்கொண்டார்கள். மனிதக் கை படாத வனம் என்பதே மனிதர் கட்டிய கற்பனை என்று வரலாற்றாசிரியர் வில்லியம் க்ரோனன் 1995இல் வாதிட்டது நியாயமானது. இந்த மறுப்பை முழுதாக ஏற்கலாம். ஏற்றாலும் வாதம் தளர்வதில்லை, இன்னும் இறுகுகிறது. பயணியின் அமைதிக்கும் எளிமைக்கும் கீழே வேறொரு மக்களின் இழப்பு இருக்கிறது என்றால், அதுவும் விட்ட சுமையின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. விளையாட்டு என்பதால் பயனில்லை என்றும் ஆகாது. நகரத்தில் நம் வீட்டு வாசலுக்கு வரும் பொருளை யார் எத்தனை மாடி ஏறிச் சுமந்தார் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. போர்ட்டேஜில் ஒன்பது பேருக்குள், ஒரு வாரத்துக்குள், ஒவ்வொரு கிலோவும் எந்த முதுகில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த அளவுக்குச் சிறிதாக இருப்பதே அதன் பயன்.

ஆகவே பட்டியல் போடுகிறவருக்கு ஒரு நடைமுறை. அடிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அந்த எடை எங்கே போகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘ஆசை தீர்ந்தது’, ‘செய்யத் தெரியும்’, ‘ஏரி தரும்’ என்று எழுத முடிந்தால் தயங்காமல் அடிக்கலாம். ஒரு மனிதரின் பெயரையோ காட்டின் பெயரையோ எழுத நேர்ந்தால், அவரிடம் கேட்டோமா, அது தாங்குமா என்று பார்த்துவிட்டு அடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் பட்டியல் சில இடங்களில் குறையும், சில இடங்களில் கூடும். முதலுதவிப் பெட்டி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். உபரித் துடுப்பும் காற்று நாளுக்கான உணவும் வரும். எல்லோருடைய குப்பையையும் திருப்பிக் கொண்டுவரும் பையும் வரும். பயணம் முடியும்வரை அவற்றில் பாதியைத் தொட வேண்டியே வராமல் போகலாம். பிறருக்குத் தேவைப்படக்கூடும் என்பதற்காக, தனக்குப் பயன்படாத ஒன்றை மைல் கணக்கில் சுமப்பவர், லேசாக நடப்பதன் பெருமையை விட்டிருக்கிறார். நாற்காலியை விடுவதைவிட அதை விடுவது கடினம்; துறவு என்ற சொல் அவருடைய கனத்த பைக்கே கூடுதலாகப் பொருந்தும்.